15.5 சென்ரிமீற்றர் கைக்கு எந்த மணிக்கூடு?

தம்பிக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த சந்தோசத்தில் சுவிஸில் இருக்கும் சித்தப்பா ஒரு மணிக்கூடு அனுப்பியிருந்தார். கறுப்பு முகம், தடித்த செயின், 45 மில்லிமீற்றர் அகலம். மேசையில் வைத்துப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத பொருள். தம்பி அதைக் கட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்துவிட்டு, "கை எங்கை அப்பு? மணிக்கூடுதான் தெரியுது" என்றார். அன்றே அவன் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டான்.

அவனுடைய மணிக்கட்டின் சுற்றளவு 15.5 சென்ரிமீற்றர். எங்கள் ஊரில் மெல்லிய கை உள்ள ஆண்கள் நிறையப் பேர். ஆனால் கடையின் கண்ணாடிப் பெட்டியில் ஆண்களுக்கென்று அடுக்கியிருப்பவை பெரும்பாலும் 42, 44, 46 மில்லிமீற்றர். சிறியதாக ஒன்றைக் கேட்டால் பெண்கள் பக்கத்தைக் காட்டுவார்கள். ஆண்களுக்குப் பெரிய மணிக்கூடுதான் என்பது பழைய வழக்கம் இல்லை. றோலெக்ஸ் 1945இல் டேற்ஜஸ்ற் மணிக்கூட்டை வெளியிட்டபோது அதன் அகலம் 36 மில்லிமீற்றர். அதை ஆண்கள்தான் கட்டினார்கள். வீட்டில் அப்பாவின் கலியாணப் படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கையில் இருப்பது சின்ன வட்டமாகத்தான் இருக்கும், ஆனால் கைக்கு அளவாக இருக்கும். 36 மில்லிமீற்றர் மணிக்கூட்டைக் கட்ட வெட்கப்படுகிற மெல்லிய கைக்காரருக்கு இதை முதலில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

சரி, கையை எப்படி அளப்பது? ஒரு நூலும் அடிமட்டமும் போதும். மணிக்கட்டில் துருத்தி நிற்கும் எலும்புக்குச் சற்று மேலே, மணிக்கூடு உட்காரும் இடத்தில் நூலைச் சுற்றுங்கள். இறுக்கவேண்டாம். அதைப் பின்னேரத்தில் செய்யுங்கள். வெயிலில் திரிந்து வந்த கை காலையில் இருந்ததைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். சித்திரை, வைகாசி வெக்கையில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். காலையில் அளந்து செயினை வெட்டினால் மத்தியானம் கையில் தடம் விழும்.

சுற்றளவு ஒரு பாதிதான். மற்றப் பாதியைப் பலர் அளப்பதில்லை, நாங்களும் முதலில் அளக்கவில்லை. மணிக்கட்டின் மேற்பக்கத்தில் ஒரு தட்டையான இடம் இருக்கிறதே, அதன் அகலத்தை அடிமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரே சுற்றளவுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கை தட்டையாகவும் மற்றவருக்கு உருண்டையாகவும் இருக்கும். தட்டைக் கைக்காரர் பெரிய மணிக்கூட்டைத் தாங்குவார், உருண்டைக் கைக்காரருக்கு அது ஆடும். தம்பிக்குத் தட்டை 46 மில்லிமீற்றர்.

இந்த 46ஐ மணிக்கூட்டின் எந்த அளவோடு ஒப்பிடுவது என்பதில்தான் முழுப் பிழையும் நடக்கிறது. பெட்டியில் எழுதியிருக்கும் அகலத்தோடு அல்ல. பட்டியைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகள் இருக்கின்றன, லக் என்று சொல்வார்கள். மேல் கொம்பின் நுனியில் இருந்து கீழ்க் கொம்பின் நுனி வரையுள்ள நீளம்தான் கையில் படுகிறது. அந்த நீளம் உங்கள் தட்டையைவிடக் குறைவாக இருந்தால் மணிக்கூடு கையில் உட்காரும். கூடினால் கொம்புகள் இரண்டு பக்கமும் காற்றில் நிற்கும், பட்டிக்கும் கைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். சித்தப்பாவின் மணிக்கூட்டில் இந்த நீளம் 53. அம்மம்மா அளக்காமலே கண்டுபிடித்தது இதைத்தான்.

இந்த ஒரு அளவு தெரிந்தால் பல ஆச்சரியங்கள் வரும். சீக்கோவின் பழைய எஸ்கேஎக்ஸ்007 என்ற சுழியோடி மணிக்கூடு 42 மில்லிமீற்றருக்கு மேல் அகலமானது, எண்ணைப் பார்த்தால் மெல்லிய கைக்காரர் விலகிவிடுவார். ஆனால் அதன் கொம்புகள் குட்டையானவை, கீழே வளைந்தவை, நுனிக்கு நுனி 46தான். மறுபக்கம், மெல்லிய விளிம்பும் நீண்ட கொம்பும் உள்ள ஒரு 40 மில்லிமீற்றர் மணிக்கூடு 48, 49 என்று நீண்டு கையைத் தாண்டிவிடும். ஆகவே 40 சிறியது, 42 பெரியது என்று எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதும் அளவை மட்டும் பொறுத்ததில்லை. வெள்ளை முகம் கறுப்பைவிடப் பெரிதாகத் தெரியும். விளிம்பு மெல்லியதானால் முகம் விரிந்து தெரியும். ஒரே அகலமுள்ள சதுரம் வட்டத்தைவிடப் பெரிதாகத் தெரியும், மூலைகளும் சேருவதால். போனில் கிட்ட வைத்து எடுத்த கைப் படத்தை நம்பி முடிவெடுக்கவும் வேண்டாம். அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் மணிக்கூடு ஊதிப்போய்த்தான் தெரியும். கடையில் கட்டிப் பார்க்கும்போது ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அதன் முன் கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மற்றவர்கள் உங்களைக் காண்பது அந்தத் தூரத்தில் இருந்துதான்.

பொதுவாக என் கணக்கு இது: சுற்றளவு 16க்குக் கீழே இருந்தால் 34 முதல் 38 மில்லிமீற்றர். 16 முதல் 17.5 வரை 38 முதல் 41. அதற்கு மேலே 42உம் அழகாக நிற்கும், 19 சென்ரிமீற்றர் கை என்றால் 44கூட. தடிப்பையும் பாருங்கள். சேட்டின் கைப்பட்டியைப் பூட்டுகிற வேலையானால் 10 மில்லிமீற்றருக்கு மேலே போனால் துணி ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டில் மாட்டும்.

இனித் தம்பியின் விடயத்துக்கு வருகிறேன். அவனுக்குப் பாடசாலை நயினாதீவில். காலையில் மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை போகவேண்டும், அங்கிருந்து படகு. வெயில், வியர்வை, உப்புக்காற்று, படகில் தெறிக்கும் கடல்நீர் எல்லாம் ஒவ்வொரு நாளும். பின்னேரம் வந்ததும் கிணற்றடியில் குளிப்பு. எந்த மணிக்கூடு என்பதை அவனுடைய கை பாதி தீர்மானித்தது என்றால், மற்றப் பாதியை இந்தப் பாதை தீர்மானித்தது.

முதலில் பார்த்தது எல்லோருக்கும் தெரிந்த கசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மொடல், இன்றும் மாறாமல் வருகிறது. எடை 21 கிராம், தடிப்பு 8.5 மில்லிமீற்றர், பற்றரி ஏறத்தாழ ஏழு வருடம். மெல்லிய கைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு ஒன்று வாங்குவதானால் நான் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் தம்பி, "அண்ணா, பிள்ளையள் எல்லாரும் இதுதான் கட்டினம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. வகுப்பில் முன்னால் நிற்கிறவனுக்கு முள் வைத்த மணிக்கூடு ஒரு தோற்றத்தைக் கொடுக்கும்.

கசியோவின் ஜீ-ஷொக் வேண்டுமா என்றும் பார்த்தோம். கீழே விழுந்தாலும் உடையாத மணிக்கூடு என்ற எண்ணத்தில் 1983இல் வந்த குடும்பம் அது. சதுர மொடலான டிடபிள்யூ-5600 அளவில் 48.9க்கு 42.8 என்று பயமுறுத்தும், ஆனால் அதில் கொம்பே இல்லை, றப்பர் பட்டி கூட்டில் இருந்து நேரே கீழே வளைகிறது. மெல்லிய கையிலும் எண் சொல்வதைவிட நன்றாக உட்காருகிறது. தடிப்பு 13.4 என்பதால் வேட்டி சட்டைக்கும் நீளக்கைச் சேட்டுக்கும் சேராது. கடற்றொழில் செய்கிற ஒருவருக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன்.

மெல்லிய, ஆடம்பரமில்லாத குவாட்ஸ் மணிக்கூடுகள், அதாவது பற்றரியில் ஓடும் முள் மணிக்கூடுகள், அடுத்தவை. தோல்பட்டி, வெள்ளை முகம், 36, 37 மில்லிமீற்றர். டைட்டனின் எட்ஜ் வகையில் தடிப்பு 3.5 மில்லிமீற்றர் வரை இறங்கியிருக்கிறது, கையில் இருப்பதே தெரியாது. வங்கி, கச்சேரி, அலுவலக வேலைகளுக்கு இந்த வகைதான் மிக அழகு, நல்லூர்த் திருவிழாவுக்கு வேட்டியோடு கட்டவும் இதுவே பொருந்தும். படகில் போகிறவனுக்கு இல்லை. நீர் தாங்குவது பெரும்பாலும் 30 மீற்றர் என்று எழுதியிருப்பார்கள்.

அந்த 30 மீற்றரைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும், இதில் ஏமாந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே உண்டு. 30 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது அதன் பொருள் அல்ல. அசையாத நீரின் அழுத்தத்தில் சோதித்த கணக்கு அது. நடைமுறையில் 30 என்றால் கை கழுவும்போது தெறிக்கும் நீர், மழைத்தூறல், அவ்வளவுதான். கிணற்றடியில் வாளியால் அள்ளி ஊற்றும் குளிப்புக்கே அதைக் கழற்றி வைப்பது நல்லது. கீரிமலைக் கேணியில் இறங்க 50 வேண்டும். கசூரினாவில் கடலில் குளிக்க 100 இருந்தால் மனம் நிம்மதி. எதுவானாலும் பக்கத்துத் திருகியை வெளியே இழுத்தபடி நீரில் இறங்கக்கூடாது. கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கவேண்டும். நீரைத் தடுப்பது உள்ளே இருக்கும் மெல்லிய றப்பர் வளையம். பற்றரி மாற்றத் திறந்தபோது அந்த வளையத்தைப் பார்க்காமல் மூடினால் பழைய 100 மீற்றர் எழுத்தில் மட்டும்தான் இருக்கும். என்னுடைய ஒன்று அப்படித்தான் போனது. பற்றரி மாற்றிய அடுத்த கிழமை கண்ணாடிக்குள் பனி படிந்தது, முள்ளில் துரு ஏறியது. இப்போது பற்றரி மாற்றும்போது வளையத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்டு, பக்கத்திலேயே நிற்கிறேன்.

ஸ்மார்ட் மணிக்கூட்டைத் தம்பி தானாகவே ஒதுக்கிவிட்டான். மின்னேற்ற மறந்த நாளில் அது வெறும் காப்பு. நடையும் இதயத்துடிப்பும் பார்க்கவேண்டிய தேவை உள்ளவர்கள் சிறிய அளவான 40, 41 மில்லிமீற்றரை எடுங்கள்.

கடைசியில் இரண்டு மணிக்கூடுகள் மிஞ்சின. இரண்டும் 37 மில்லிமீற்றர், இரண்டுக்கும் பட்டி அகலம் 18, இரண்டிலும் கிழமையும் திகதியும் உண்டு, இரண்டும் தம்பியின் 46க்குள் நின்றன. ஒன்று சீக்கோ 5 வகையில் எஸ்என்கே809. மற்றது சிட்டிசனின் பிஎம்8180, வெளிச்சத்தில் ஓடுவது.

சீக்கோ 5 எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. 1963இல் தொடங்கிய பெயர். தானாகச் சாவி ஏறும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில், நீர் தாங்கும், திருகி நாலு மணிப் பக்கத்தில் ஒதுங்கியிருக்கும், கூடும் பட்டியும் உறுதி என்று ஐந்து குணங்களை வைத்துத்தான் அந்த 5. திருகி நாலு மணியில் இருப்பது மெல்லிய கைக்கு ஒரு வரம். மூன்று மணியில் இருக்கும் பெரிய திருகி கையை மடக்கும்போது புறங்கையில் குத்தும், இது குத்தாது. எஸ்என்கே809இன் பின்மூடி கண்ணாடி. கை ஆட ஆட உள்ளே அரைவட்டத் தகடு சுழன்று சாவி ஏற்றுவதைப் பார்க்கலாம். தம்பி அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பற்றரி இல்லை, ஒரு மனிதன் நடப்பதால் ஓடுகிற இயந்திரம். எனக்கும் அந்த வகையில் தீராத ஆசை உண்டு.

ஆனால் படகு காத்திருக்காது. எஸ்என்கே809இன் உள்ளே இருக்கும் 7எஸ்26 என்ற இயந்திரத்துக்குச் சீக்கோ சொல்லும் கணக்கு ஒரு நாளைக்கு 20 வினாடி பின்னால் இருந்து 40 வினாடி முன்னால் வரை. 40 வினாடி என்றால் ஒரு கிழமையில் நாலரை நிமிடத்துக்கு மேல். பெரும்பாலான மணிக்கூடுகள் இந்த எல்லைக்குள் நன்றாகவே ஓடும், என்றாலும் கிழமைக்கு ஒருமுறை திருத்தி வைக்கவேண்டும். கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணித்தியாலத்தில் நின்றுவிடும். வெள்ளி பின்னேரம் கழற்றி அலுமாரிக்குள் வைத்தவன் திங்கள் விடிய நின்றுபோன மணிக்கூட்டைத்தான் எடுப்பான். அந்த மொடலில் திருகியைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் முடியாது, கையில் வைத்து ஆட்டவேண்டும். சில வருடத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து எண்ணெய் போடவேண்டும், அதற்கு நல்ல கை உள்ள திருத்துநர் வேண்டும். இத்தனைக்கும் மேலே நீர் தாங்குவது 30 மீற்றர்தான்.

சிட்டிசனில் முகத்துக்குக் கீழே வெளிச்சத்தை மின்சாரமாக்கும் தகடு இருக்கிறது. வெளிச்சத்தில் ஓடும் முள் மணிக்கூட்டை அந்த நிறுவனம் முதலில் செய்தது 1976இல், எக்கோ-டிரைவ் என்ற பெயர் வந்தது பிறகு. முழுதாக ஏறினால் இந்த மொடல் இருட்டிலும் ஏறக்குறைய ஆறு மாதம் ஓடும். யாழ்ப்பாணத்தில் வெளிச்சத்துக்கு என்ன குறை? பற்றரி மாற்ற அடிக்கடி திறக்கவேண்டியதில்லை என்பதால் அந்த றப்பர் வளையமும் தொந்தரவில்லாமல் கிடக்கும். நேரம் மாதத்தில் சில வினாடிகள்தான் பிசகும். நீர் தாங்குவது 100 மீற்றர். குறை என்றால், மோட்டார் சைக்கிளின் தாங்கிமேல் உச்சி வெயிலில் கிடத்தி ஏற்ற நினைக்கக்கூடாது, சூடு அதைக் கெடுக்கும். நீளக்கைக்குள்ளேயே எப்போதும் மூடிவைத்தாலும் பட்டினி கிடக்கும். பின்னால் பார்க்க எதுவும் இல்லை, வெறும் உலோக மூடி.

நான் சிட்டிசன் என்றேன். தம்பி இரண்டு நாள் யோசித்தான். அவனுக்குப் பிடித்தது சீக்கோ என்று எனக்குத் தெரியும், அதை வாங்கியிருந்தாலும் பிழை என்று சொல்லியிருக்க மாட்டேன். நகருக்குள் வேலை, ஒவ்வொரு நாளும் கட்டுகிற பழக்கம், ஐந்து நிமிடத்தால் ஒன்றும் கெடாத வாழ்க்கை என்றால் சீக்கோதான் சந்தோசம் தரும். அவன் படகை நினைத்துச் சிட்டிசனை எடுத்தான்.

ஆனால் அதோடு வந்த துணிப்பட்டியை ஒரு மாதத்தில் மாற்றவேண்டி வந்தது. வியர்வையும் உப்பும் துணிக்குள் இறங்கிக் காய்ந்து வெள்ளைக் கோடு விட்டன, மணமும் வந்தது. எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருவது, கழுவினாலும் காய்ந்ததும் ஒரு படிவை விட்டுவிடும். தோல்பட்டி இந்த ஊரில் இன்னும் பாவம். பங்குனி தொடங்கி ஆவணி வரை ஒவ்வொரு நாளும் கட்டினால் உட்பக்கம் வெடிக்கும். தோலைக் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நாளாந்தம் கட்ட மெல்லிய நைலோன், இல்லாவிட்டால் மிருதுவான றப்பர். செயினானால் கிழமைக்கு ஒருமுறை பழைய பல்துலக்கியும் சவர்க்காரமும் போட்டு இடுக்கைத் தேய்க்கவேண்டும். பட்டி வாங்கும்போது நீளத்தையும் கேளுங்கள். சாதாரண நீளப் பட்டி மெல்லிய கையில் கடைசித் துளை வரை போய், வால் கையைச் சுற்றி மறுபக்கம் வந்து நிற்கும். குட்டை நீளம் கிடைக்கும், இல்லாவிட்டால் செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து ஒரு துளை போடலாம். கட்டியபின் சின்ன விரல் நுனி உள்ளே போகவேண்டும், அதுதான் அளவு.

தங்க முலாம் விருப்பமானவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் நிறத்துக்குத் தங்க நிறம் நன்றாகச் சேரும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மெல்லிய முலாம் வியர்வையில் முதலில் கொம்பு நுனிகளில் தேய்ந்து உள்ளிருக்கும் நிறத்தைக் காட்டும். தினமும் கட்டுவதற்கு ஸ்டீல், விசேசத்துக்குத் தங்க நிறம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நீடிக்கும். காப்புப் போடுகிற பெண்கள் மணிக்கூட்டை மற்றக் கையில் கட்டுங்கள். உருக்கு தங்கத்தைக் கீறும், காப்பு கண்ணாடியில் இடிக்கும்.

சித்தப்பாவின் 45 மில்லிமீற்றர் இப்போது மச்சானின் கையில். அவருக்குச் சுற்றளவு 19, செயினில் ஒரு கண்ணிகூடக் கழற்றவில்லை, அவருக்கென்றே செய்ததுபோல இருக்கிறது. சித்தப்பாவிடம் விடயத்தை மறைக்கவில்லை. வீடியோ அழைப்பில் இரண்டு கையையும் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அளவைக் கேட்டு வாங்கியிருக்கவேணும், சரி, அடுத்தது ஆருக்கு?" என்றார். தங்கச்சி பல்கலைக்கழகம் போகிறாள். நேற்றுப் பின்னேரம் நூலும் அடிமட்டமும் எடுத்து அளந்து அவருக்கு இரண்டு எண்களை அனுப்பினேன்: சுற்றளவு 14 சென்ரிமீற்றர், தட்டை 41 மில்லிமீற்றர்.